பஸ் ஸ்டாப்பில் நிமிர்ந்து நிற்கிறாய், நைனா

கள்ளிக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் வெள்ளைச் சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் என் தங்கமான நைனாவுக்கு,

நீ செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் காலையில் ஆவடி ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கக் கிளம்பும்போது உன்னைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். நிழற்குடைக்குப் பக்கத்துக் கம்பத்தில் கட்டிய ஃபிளெக்ஸில் தலை முதல் கால் வரை ஆள் உயரத்துக்கு நிற்கிறாய். உன் தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'முதுகு வலியா? ஜவ்வு விலகலா? ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு' என்று போட்டிருக்கிறான். உன் காலடியில் அவனுடைய போன் நம்பர்.

அவன் யார் என்று நீ கேட்க மாட்டாய். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூந்தமல்லி ரோட்டில் ஒரு கட்டடத்தின் மாடி ஹாலைப் பிடித்து, முதுகு வைத்தியம் என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதையும் வெட்டி எடுத்து விளம்பரத்தில் போட்டுக்கொள்வான்.

அந்தப் படம் எப்படி எடுத்தது என்று நீதான் என்னிடம் சொன்னாய். எண்ணெய் தேய்த்து, மிதித்து, இழுத்துவிட்ட பிறகு ஆளை எழுப்பி, குனிந்து கால் கட்டை விரலைத் தொடச் சொல்வான். தொட்டுவிட்டு நிமிர்ந்தால் ஹாலில் காத்துக்கொண்டிருக்கிற எல்லோரும் கை தட்ட வேண்டும். அது அங்கே சட்டம். நீ நிமிர்ந்தபோதும் தட்டினார்கள், அவன் போனில் படம் பிடித்துக்கொண்டான். "எனக்கு யாருமே கை தட்டுனதில்ல பாப்பா, அதான் சிரிச்சிட்டேன்" என்றாய். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அத்தனை வருடம் பிரஸ் மெஷினில் தகடு தூக்கிப் போட்டவனுக்குக் கடைசியில் கிடைத்த கைதட்டல் அது. அந்தப் படத்தை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் நீயே போட்டாய்.

நீ போனதும் நம் தெருப் பையன்கள் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்கப் படம் கேட்டார்கள். நீ நிமிர்ந்து நிற்கிற படம் அது ஒன்றுதான் இருந்தது. தம்பி அதையே அனுப்பிவிட்டான். அதே வாரத்தில் அந்த ஆள் கொரட்டூர் பக்கம் ஒரு கிளை திறந்து, வழியெல்லாம் உன் படத்தைக் கட்டிக்கொண்டு வந்தான். ஒரே கம்பத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே நீ எங்களை விட்டுப் பிரிந்துவிட்டாய். கீழே பூரண குணமாகிவிட்டாய். அதே சட்டை, அதே சிரிப்பு. பால் பாக்கெட்டோடு வந்த ஒருத்தர் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பால் கெட்டுவிடும் என்று போய்விட்டார். திருவிழா ஃபிளெக்ஸ் கட்ட இடம் வேண்டும் என்று பையன்கள் அஞ்சலியை அவிழ்த்துவிட்டார்கள். குணமானவன் மட்டும் இன்னும் நிற்கிறான்.

இந்த வருடமும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு முதுகெலும்புப் பாடம் எடுத்தேன். லேபில் இருக்கிற பிளாஸ்டிக் முதுகெலும்பை உனக்கு நினைவிருக்கிறதா? அதை ஒருமுறை பெயின்ட் உரிந்துவிட்டது என்று வீட்டுக்கு எடுத்து வந்தபோது நீ மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாய். கழுத்தில் ஏழு, மார்புக்குப் பின்னால் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து. அதற்குக் கீழே ஐந்து எலும்பு ஒட்டிக்கொண்டு ஒரு முக்கோணம், அதன் நுனியில் வால் மாதிரி ஒரு துண்டு. ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழுதான் என்றதும் நீ நம்பவே இல்லை.

நம் ஊரில் எல்லோருக்கும் இந்தப் பாடம் பாதி தெரியும். எஸ்டேட்டில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும், "எனக்கு எல் ஃபோர் எல் ஃபைவ்" என்று பஸ் ரூட் சொல்கிற மாதிரி சொல்வார்கள். இடுப்பின் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதற்கும் நடுவில் இருக்கிற வட்டத்தைத்தான் சொல்கிறார்கள். ஜவ்வு விலகிவிட்டது என்கிறார்கள். ஜவ்வு எங்கேயும் விலகிப் போவதில்லை நைனா. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கொழகொழவென்று ஒரு பசை. குனிந்து குனிந்து பாரம் தூக்கினால் நார் கிழிந்து பசை பின்பக்கம் பிதுங்கும். பக்கத்தில் இருக்கிற நரம்பை அழுத்தினால் இடுப்பிலிருந்து குதிகால் வரை மின்சாரம் மாதிரி இழுக்கும். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்ச வாரத்தில் அது தானாகவே அடங்கிவிடும். தானாக அடங்குகிற அந்த வாரங்களை வைத்துத்தான் இந்த ஆள் பிழைப்பு நடத்துகிறான். உடம்பு தன்னைத்தானே சரி செய்துகொள்ளும், கைதட்டலை இவன் வாங்கிக்கொள்வான்.

ஆனால் உனக்கு ஜவ்வே இல்லை.

உனக்கு வலித்தது இடுப்பில் இல்லை, அதற்கு மேலே, நடு முதுகில். ஜவ்வு வலி படுத்தால் கொஞ்சம் குறையும். உன் வலி படுத்தாலும் விடவில்லை. சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று சுட்டது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டாய். எக்ஸ்ரே எடுக்கலாம் வா என்று நான் எத்தனை தடவை கூப்பிட்டேன்? "எக்ஸ்ரே எடுத்தா ஆபரேசன்னு சொல்லுவானுங்க. முதுகுல கத்தி வெச்சா கால் போயிடும் பாப்பா" என்றாய். இதை உனக்கு யார் சொன்னது? எல்லோரும்தான். டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே முதுகு என்று பேச்சு எடுத்தாலும் ஆபரேஷனில் கால் போன ஒருத்தன் கதை வரும். அந்த ஒருத்தன் கால் மரத்துப் போகிற வரைக்கும் எங்கே போய் மிதிபட்டுக்கொண்டிருந்தான் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

காய்ச்சல் அடிக்கிறது என்று அவனிடமே போய்ச் சொல்லியிருக்கிறாய். அவன் சொன்னதை நீ வீட்டில் வந்து சந்தோஷமாகச் சொன்னாய். "உள்ள கீற கெட்ட நீர் எறங்குதாம். அதான் ஜொரமாம்." அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. காசநோய்க் கிருமி உன் இரண்டு எலும்புகளின் முன்பக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. முன்பக்கம் கரைந்தால் தூண் முன்னால் சாயும், முதுகு கூனும். அம்மா நீ கூனி நடக்கிறாய் என்றபோது வயசாச்சு என்றாய். அந்த எலும்புகளுக்குப் பின்னால், விரல் பருமன் குழாயில் தண்டுவடம் ஓடுகிறது. இடுப்புக்குக் கீழே உனக்குச் சொந்தமாக இருந்ததெல்லாம் அந்த ஒரு கயிற்றில்தான் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் அவன் முட்டியை ஊன்றி, இரண்டு தோளையும் பிடித்துப் பின்னால் இழுத்தான். சடக்கென்று சத்தம் வந்தது. ஹாலில் எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த வாரத்திலேயே உன் கால்கள் போயின.

பெரியாஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். இரண்டு எலும்பு ஒன்றுக்குள் ஒன்று அமிழ்ந்து, பக்கத்தில் சீழ் மூட்டையாக நின்றது. "முன்னாடியே வந்திருந்தா மாத்திரையிலயே போயிருக்கும்மா. மாத்திரையும் கவர்மென்ட்டே குடுக்குது" என்றாள். ஆபரேஷன் செய்தார்கள். சீழ் போனது, கால் வரவில்லை. மிச்சத்தை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். உனக்கு அந்த முக்கோண எலும்பின் மேல் படுக்கைப் புண் வந்தது. உள்ளங்கை அளவுக்கு ஆனது. டிரெஸ்ஸிங் மாற்றும்போது வரும் நாற்றத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், நீ அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாய். கடைசியில் அந்தப் புண்ணின் விஷம்தான் உன்னைக் கொண்டுபோனது.

இதெல்லாம் கள்ளிக்குப்பத்துக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது அம்மா. டிபி என்று தெரிந்தால் தம்பிக்கு யாரும் பெண் தர மாட்டார்கள் என்று, ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை நேராகப் பாரிவாக்கத்துக்கு, தாய்மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். தொத்துக் காய்ச்சல், யாரும் வரவேண்டாம் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். முதுகில் இருக்கிற டிபி இருமலில் பரவாது, உனக்கு நுரையீரலில் இல்லை என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். நீ பிணமாகத்தான் கள்ளிக்குப்பத்துக்குத் திரும்பி வந்தாய். ஆக, தெருவைப் பொறுத்தவரை உனக்கு முதுகு சரியாகிவிட்டது. அப்புறம் பாவம், காய்ச்சலில் போய்விட்டாய்.

அந்த ஆளைப் போய்ப் பார்த்தேன் நைனா. ஹாலில் அதே எண்ணெய் நாற்றம். எத்தனையோ பேர் குப்புறப் படுத்த அதே பெட்ஷீட்டில் இன்னொருத்தர் படுத்திருந்தார். படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"இன்னா மேடம், உங்க நைனா சிரிச்சிகினு தானே நிக்கிறாரு? அழுதுகினா நிக்கிறாரு?"

"அவர் செத்துட்டாரு. முதுகு டிபி. நீங்க இழுத்ததுல எலும்பு ஒடஞ்சு போச்சு."

"டிபி நம்ம டிபார்ட்மென்ட் இல்ல மேடம்" என்றான். "நம்ம வேல ஜவ்வு. அத சரி பண்ணிக் குடுத்தேன். அப்புறம் வந்த சீக்குக்கு நானா பொறுப்பு? உங்க அம்மாவக் கேட்டுட்டு தான் போட்டோ போட்டேன். வேணும்னா போய் கேட்டுக்குங்க."

எனக்கு அது பொய் என்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆமா, கேட்டான். இருக்கட்டும்னேன்."

"உனக்கு வெக்கமா இல்லியாம்மா?"

"ஊட்டுல கீற நெனப்பெல்லாம் படுத்துகினு கீற மூஞ்சிடி" என்றாள். "நின்னுகினு கீறது அங்க தான். நான் டெய்லி போய்ப் பாத்துட்டு வரேன். உனக்கு இன்னா போச்சு?"

கீரை வாங்கத் தினமும் எதற்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் போகிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவின் மேலும் வெறுப்பு வந்தது. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

போன மாதம் ஒரு காலை. பஸ் ஸ்டாப்பில் உன் ஃபிளெக்ஸ் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கஜா மாமா நின்றிருந்தார். உன்னோடு ஒரே ஷிப்டில் தகடு தூக்கிய அதே கஜா மாமா. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். எங்கே என்றேன்.

"பூந்தமல்லிக்கு தான் பாப்பா, முதுகுக்காரரு கிட்ட. நைனா மூஞ்சியப் பாத்துத் தான் போறேன். அவரு சொம்மா சிரிப்பாரா?"

எனக்கு உடம்பு எரிந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். போன வாரத்திலிருந்து போகிறாராம். முதலில் ஒரு கால்தான் இழுத்ததாம், நேற்று மிதித்ததிலிருந்து இரண்டு காலும் இழுக்கிறதாம். அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஒக்கார்ற எடம் மரத்துப் போச்சு பாப்பா. நேத்து ராவுலேர்ந்து ஒண்ணுக்கும் வர்ல. எண்ணெ வேல செய்யுது, அப்டித் தான் இருக்கும்னு போன்ல சொன்னாரு."

தண்டுவடம் இடுப்பின் ஐந்து எலும்புகள் தொடங்குகிற இடத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால் மாதிரி கற்றையாகத் தொங்கும். காலுக்கும், சிறுநீருக்கும், மலத்துக்கும் அந்தக் கற்றைதான். உட்காரும் இடம் மரத்து, சிறுநீர் நின்றுபோனால் பிதுங்கின பசை அந்தக் கற்றையை மொத்தமாக நசுக்குகிறது என்று அர்த்தம். ஜவ்வு தானாக அடங்கும் என்று மேலே எழுதினேனே, அது இதற்குப் பொருந்தாது. இதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி, அன்றைக்கே கத்தி. தள்ளிப்போட்டால் போனது போனதுதான்.

"மாமா, பெரியாஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

"ஆபரேசன்னு சொல்லுவானுங்க பாப்பா. கால் போயிடும். நைனா ஆபரேசனா பண்ணாரு? அவருக்கு சரியாயிடலியா?"

பூந்தமல்லி ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அவர் ஒரு காலைத் தூக்கி வைக்க முடியாமல் வைத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும், "எங்க நைனாவுக்கு சரியாகல மாமா. இவன் கிட்டப் போய்த் தான் ரெண்டு காலும் போச்சு. படுத்த படுக்கையா கெடந்து புண்ணு வந்து செத்தாரு. காய்ச்சல்னு சொன்னது பொய்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் மேலே உன்னைப் பார்த்தார். "அப்ப இன்னாத்துக்கு சிரிச்சிகினு கீறாரு?" என்று கேட்டார். ஆனால் ஆட்டோவிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். கால் இரண்டும் அசைகின்றன. ஸ்டிக் வைத்து வீட்டுக்குள் நடக்கிறார். சிறுநீருக்கு இன்னும் ட்யூப் இருக்கிறது. மெல்ல வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது மாமாவின் சம்சாரம், அத்தை, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அம்மா பார்க்க வந்தாள். பழப் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அத்தை சண்டையெல்லாம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்ணனுக்கு முதுகு சரியாயிடுச்சுன்னு நீ தானே சொன்ன அக்கா? உன்னக் கேட்டுட்டுத் தானே இவர நான் அனுப்புனேன்?"

அம்மா என்னோடு பஸ்ஸில் திரும்பினாள். கம்பத்தடியில் இறங்கினாள், உன்னைப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தாள். அவள் உன்னைப் பார்க்காமல் போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்ததும் "கறுப்பு பெயின்ட் வாங்கினு வா" என்றாள். எதற்கு என்றேன். "அவரு கீழ எழுதணும். எனக்கு எழுத வராது, நீ தான் எழுதணும்."

தம்பி தயங்கினான். வெள்ளிக்கிழமை அவனுக்காகத் திருநின்றவூரிலிருந்து பெண் வீட்டார் வருவதாக இருந்தது. அம்மா அவனைப் பார்த்து, "வர்றவங்க பஸ் ஸ்டாப்புல தான்டா எறங்குவாங்க. படிச்சுட்டே வரட்டும்" என்றாள். அவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஆள் நடமாட்டம் இருக்கும்போதே போனோம். தம்பி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான், நான் ஏறினேன். மனசுக்குள் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவன் ஒரு அயோக்கியன் என்பதில் ஆரம்பித்து, தண்டுவடம் வரைக்கும். அம்மா கீழிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"இவரு செத்துட்டாருன்னு எழுது."

எழுதினேன்.

"முதுகு டிபின்னு எழுது."

காசநோய் என்று ஆரம்பித்தேன். "அது யாருக்கும் புரியாது. டிபின்னே போடு" என்றாள்.

"இங்க மிதிச்சதுல கால் போச்சுன்னு எழுது. மாத்திரை இருந்துச்சுன்னு எழுது. எங்களுக்குத் தெரியலன்னும் எழுது."

எல்லாவற்றையும் எழுதினேன் நைனா. உன் சட்டைக் கீழ்ப்பகுதியிலிருந்து அவன் போன் நம்பர் மேலே வரைக்கும் வந்தது. எழுத்து கோணல்மாணல்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வாய்விட்டுப் படித்தார்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கிட்ட வந்து, "இன்னாமா ஆச்சு இவருக்கு? நாளைக்கு நானும் அங்க தான் போலாம்னு கீறேன்" என்றாள். நான் ஸ்டூலிலிருந்து இறங்கி வாயைத் திறப்பதற்குள் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாயங்காலமானா ஜொரம் வருதா உனக்கு?" என்று கேட்டாள். நான் வகுப்பில் மார்க் கொடுக்கிற கேள்வி அது. நிழற்குடைப் பெஞ்சில் அந்த அம்மாவை உட்கார வைத்து, இரண்டு பஸ் போகிற வரைக்கும் பேசினாள். புண்ணைப் பற்றியும் சொன்னாள். நாற்றத்தைப் பற்றியும் சொன்னாள்.

திருநின்றவூர்க்காரர்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். அப்புறம் பேச்சே இல்லை. தம்பி சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினான். அந்த ஆள் போன் செய்து கேஸ் போடுவேன் என்றான், போடு என்றேன். இதுவரை போடவில்லை.

எனக்கு இன்னும் ஆறவில்லை நைனா. அவன் மேல், அந்தக் கைதட்டல் மேல், ஆபரேஷன் கதை சொல்லியே ஊரை முடமாக்குகிற டீக்கடை வாய்கள் மேல். கேட்காமல் போனாயே, உன் மேலும்தான். ஆறவும் வேண்டாம். உன்னை அந்தக் கம்பத்திலிருந்து இறக்க மாட்டேன். அம்மாவுக்கு நீ நிற்க வேண்டும், நில். மழையில் பெயின்ட் போனால் மறுபடி எழுதுவேன். அவன் புது ஃபிளெக்ஸ் கட்டினால் அதிலும் எழுதுவேன். இனி உன் சிரிப்பை நம்பி முதுகைக் கொடுக்கப் போகிற எவனும் உன் சாவைப் படித்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறுவான். அதற்கு நான் ஆச்சு.

உன் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்ட,
உன் மூத்த மகள்,
பாப்பா